செத்துக் கிடக்கும் பிளாஸ்மா கட்டரை 220 வெள்ளிக்கு வாங்கலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊத்தான் மெலிந்தாங்கில் கதவும் கிரில்லும் செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறீர்கள். அங்குள்ள பழைய இரும்புக் கடைத் தவுக்கே (முதலாளி), சீனத் தயாரிப்பான ‘கட்-50’ வகை பிளாஸ்மா கட்டர் ஒன்றை, அதாவது காற்றை மின்தீயால் கடுஞ்சூடாக்கி ஊதி உலோகத்தை வெட்டும் மிஷினை, 220 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் வெட்டவில்லை. வாங்கலாமா, வாங்கினால் நாமே சரிசெய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுங்கை சிப்புட்டில் 20 ஆண்டுகளுக்கு மேலாக வெல்டிங் செட்டுகளைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் என் பதில் இதுதான்: வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு வேண்டாம். விளக்கு எரிவதையும் விசிறி சுற்றுவதையும் காட்டித் தவுக்கே விலை சொல்கிறார். நீங்கள் விலை பேச வேண்டியது டார்ச்சை, அதாவது கையில் பிடித்து வெட்டும் பாகத்தைப் பார்த்தும், அந்த மிஷின் எப்படிச் செத்தது என்பதைப் பார்த்தும்தான்.

உங்கள் வேலைக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்கவில்லை, தேவைதான். கேஸ் கட்டிங் என்பது இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஆக்சிஜனை ஊதி, இரும்பையே எரித்து அறுக்கும் முறை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் அப்படி எரிந்து ஒழுகுவதில்லை. மேலே ஓர் ஆக்சைடுப் படலத்தைப் போர்த்திக்கொண்டு அடம்பிடிக்கும். அத்தகைய உலோகங்களை வெட்ட வழி தேடியபோதுதான் 1950களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தில் பிளாஸ்மா வெட்டு உருவானது. அங்கே பணியாற்றிய ராபர்ட் கேஜ் 1957இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே காவடிக்கு அலுமினியத் தகட்டில் மயில் வெட்டித் தரச் சொல்லி ஆள் வந்து நிற்கும் நம் ஊர்களில், ஜிக்சாவை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி, கடையில் பார்க்க வேண்டியவை. மூடியின் திருகுகளை முதலில் பாருங்கள். திருகுத் தலைகள் சிராய்ந்தும், சில திருகுகள் காணாமலும் இருந்தால் உங்களுக்கு முன்னால் ஒருவர் திறந்து தோற்றுப்போயிருக்கிறார் என்று பொருள். அவர் உள்ளிருந்து எதைக் கழற்றினார், எதை மாற்றிப் பூட்டினார் என்பது யாருக்கும் தெரியாது. அத்தகைய மிஷினுக்கு நான் பாதி விலைதான் பேசுவேன். அடுத்து, பின்பக்கக் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து முகருங்கள். வார்னிஷ் கருகிய நாற்றம் வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கக்கூடும். அதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம். மூன்றாவதாக, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். செம்பனை ஆலைப் பட்டறையிலிருந்து வந்த மிஷின் நாள் முழுக்க ஓடியிருக்கும், இரும்புத் தூள் அடைந்திருக்கும். வீட்டுக் கிரில் கடையிலிருந்து வந்தது பெரும்பாலும் காற்றில் இருந்த தண்ணீரால்தான் கெட்டிருக்கும். இரண்டும் வேறு வேறு சாவு.

டார்ச்சைக் கையில் எடுத்ததும் தலையிலுள்ள மூடியைக் கழற்றி உள்ளே இருப்பவற்றை உள்ளங்கையில் கொட்டுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம், ஏனென்றால் மிஷினின் வரலாறு முழுவதும் எலக்ட்ரோடு, நோசில் என்ற இரண்டு செம்புத் துண்டுகளில் எழுதியிருக்கும். எலக்ட்ரோடின் நுனி நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு சிறு பொட்டு பதித்திருப்பார்கள். அது ஹாஃப்னியம் என்னும் உலோகம். வெறும் காற்றை ஊதி வெட்டும்போது டங்ஸ்டன் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால்தான் அதைப் பதிக்கிறார்கள். பொட்டு இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் எலக்ட்ரோடின் ஆயுள் முடிந்தது. குழி நடுவிலேயே, வட்டமாக, வழவழப்பாக இருந்தால் மிஷின் ஒழுங்காக உழைத்துத் தேய்ந்திருக்கிறது, கவலையில்லை. குழி ஒரு பக்கம் சாய்ந்து, சுற்றியுள்ள செம்பு கருத்துச் சொரசொரப்பாக இருந்தால் காற்று சரியாகச் சுழலவில்லை, அல்லது ஈரக் காற்று வந்திருக்கிறது. அடுத்து நோசிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் துளை வழியாகப் பாருங்கள். ஊசி முனை போன்ற வட்டம் தெரிய வேண்டும். முட்டை வடிவமாகத் தெரிந்தால், இந்த மிஷினை வைத்திருந்தவர் நோசிலைத் தகட்டில் அழுத்தித் தேய்த்தே வெட்டியிருக்கிறார். ‘மிஷின் கெட்டுவிட்டது’ என்று என் பட்டறைக்கு வந்தவற்றில் பலவற்றுக்கு நான் மாற்றியது இந்த இரண்டு துண்டுகளை மட்டும்தான். வெட்டு கோணலாகி, பிறகு விட்டு விட்டு எரிந்து, கடைசியில் பற்றவே இல்லை என்று அவர்கள் சொல்லும் கதை எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

டார்ச்சின் கழுத்திலும், கைப்பிடிக்குள் கேபிள் நுழையும் இடத்திலும் மடக்கிப் பாருங்கள். உள்ளே டிரிகருக்குப் போகும் இரண்டு மெல்லிய கம்பிகள் உண்டு. நாளொன்றுக்கு நூறு முறை மடங்கும் அந்த இடத்தில்தான் அவை அறுகின்றன. அவை அறுந்தால் விளக்கு எரியும், விசிறி சுற்றும், வேறெதுவும் நடக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுவேதான். முன்பலகையில் அந்தக் கம்பிகள் சேரும் சிறிய இரட்டை முள் சொருகியைக் கழற்றி, டார்ச் பக்கத்து முட்களில் மல்டிமீட்டரை வைத்து டிரிகரை அழுத்துங்கள். மீட்டர் கூவ வேண்டும். கூவாவிட்டால், நீங்கள் முகத்தைச் சலிப்பாக வைத்துக்கொண்டு விலையை இறக்க வேண்டிய நேரம் அது.

பக்கத்தில் டயர் கடை இருந்தால் காற்றுக் குழாயைப் பத்து நிமிடம் கடன் கேளுங்கள். காற்றழுத்த சுவிட்ச் உள்ள மிஷின்கள், அழுத்தம் இல்லாவிட்டால் பற்ற மறுக்கும். காற்று மாட்டாமலே டிரிகரை அழுத்திப் பார்த்துவிட்டு ‘செத்தது’ என்று இரும்புக் கடைக்கு எடை போட்டவர்களும் இருக்கிறார்கள். நான்கரை முதல் 5 பார் வரை அழுத்தம் வைத்து, எர்த்து கிளாம்ப்பைச் சுத்தமான இரும்பில் கடித்து, டிரிகரை அழுத்திக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒழுங்கான மிஷினில் முதலில் சோலினாய்டு வால்வு (மின்சாரத்தால் திறக்கும் காற்று வால்வு) ‘டக்’கென்று திறந்து காற்று சீறும், உடனே உயர்மின்னழுத்தப் பொறி ‘சடசட’வென்று வெடிக்கும், பிறகுதான் தீ பிறக்கும்.

காற்றே வரவில்லை என்றால் டிரிகர் கம்பி, சோலினாய்டு, இரண்டில் ஒன்று. காற்று வருகிறது, சடசடப்பு இல்லை என்றால் உள்ளே போக வேண்டும். சடசடப்பும் வருகிறது, தீ மட்டும் பிறக்கவில்லை என்றால் எலக்ட்ரோடு, நோசில், எர்த்து கிளாம்ப் மூன்றையும் பார்க்காமல் மூடியைத் தொடவே கூடாது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு குளிர்ந்த மிஷினிலேயே உடனே எரிந்தால், வெப்ப சுவிட்சின் கம்பி கழன்றிருக்கலாம். இல்லையென்றால் மின்மாற்றும் பகுதியில் எங்கோ ஷார்ட். பின்னது செலவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவான சில மிஷின்களில் பைலட் ஆர்க், அதாவது தகட்டைத் தொடும் முன்பே டார்ச்சில் பிறக்கும் சிறு தீ, கிடையாது. நோசிலைத் தகட்டில் தொட்டால்தான் தீ பிறக்கும். பெயிண்டும் துருவும் ஏறிய பழைய கேட்டையோ, இடைவெளி விட்ட கம்பி வலையையோ வெட்டும்போது அது பெரிய தொல்லை. சில டார்ச்சுகளில் எலக்ட்ரோடும் நோசிலும் முதலில் ஒட்டியிருக்கும். காற்று வந்து எலக்ட்ரோடைப் பின்னுக்குத் தள்ளும்போது பொறி பிறக்கும். ஹைப்பர்தெர்ம் பவர்மேக்ஸ் மிஷின்கள் இந்த வகை. ஒரு வகை டார்ச்சுக்கு உரிய துண்டுகள் இன்னொரு வகைக்குப் பொருந்தா என்பதால், டார்ச்சின் மீதுள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு ஈப்போவில் உதிரிப் பாகம் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த பிறகு மூடியைத் திறப்பதாக இருந்தால், ஒன்றை மனத்தில் வையுங்கள்: நீங்கள் பழகிய ஆர்க் வெல்டிங் செட் அல்ல இது. அந்தச் செட்டின் வெளியேற்றம் தீ பிறக்கும் முன் 60, 80 வோல்ட் அளவில் இருக்கும். பிளாஸ்மா கட்டரில் அது 250 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம். உள்ளே நம் 230 வோல்ட்டைத் திருத்திப் பெரிய கெப்பாசிட்டர்களில் 325 வோல்ட்டாகச் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது அங்கேயே இருக்கும். 100 வாட் பழைய இழை பல்பு ஒன்றின் இரு முனைகளில் காப்பிட்ட கம்பிகளைக் கட்டி, கெப்பாசிட்டரின் இரு முனைகளிலும் வைத்து, பல்பு மின்னி அணையும் வரை காத்திருந்து, பிறகு மீட்டரால் அளந்து, அதன் பிறகே கையை உள்ளே விடுங்கள். ஸ்குரூடிரைவரைக் குறுக்கே போட்டு வெடிக்க வைப்பது வீரமல்ல. மோஸ்ஃபெட் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சிறு பாகம்) வகை மிஷின்களில், சூட்டைத் தணிக்கும் அலுமினிய ஹீட் சிங்க்குகளே மின்சாரத்தோடு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அவை ஒன்றுக்கொன்று தனித்து நிற்க வேண்டியவை. நடுவில் கிரைண்டரின் இரும்புத் தூள் அடைந்தால் அதுவே ஷார்ட்டாகும். முதல் வேலையாகத் தூசியை ஊதித் தள்ளி, பிரஷ்ஷால் துடையுங்கள்.

ஒருமுறை தோட்டத்துப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த செட்டைத் திறந்தபோது, கீழ்ப் போர்டில் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் நடுவே ஒரு பல்லி குறுக்காகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வால் ஒரு காலிலும் தலை மறு காலிலும் இருக்க, அதன் அடியில் போர்டு விரல் நகம் அகலத்துக்குக் கருகிப் பளபளத்தது. உரிமையாளர், ‘பல்லி விழுந்த பலன்’ பஞ்சாங்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ‘எனக்குத் தனலாபம்’ என்றேன். வேடிக்கை இருக்கட்டும், கவனிக்க வேண்டியது பல்லியை அல்ல, அந்தக் கருகலை. கருகிய போர்டு கரிதான், கரி மின்சாரத்தைக் கடத்தும். மேலோட்டமாகத் துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தால் அதே இடம் மறுபடி பற்றும். கருப்பு முழுவதையும் சுரண்டி, தேவைப்பட்டால் அந்த இடத்தையே துளைத்து எடுத்து, வெளுத்த கண்ணாடி நார் தெரிந்த பிறகுதான் கம்பி போட்டு இணைக்க வேண்டும். அந்தச் செட்டில் வேறெந்தப் பழுதும் இல்லை. பின்பக்கத் துவாரங்களுக்குக் கொசுவலைக் கம்பி அடித்துக் கொடுத்தேன். காற்றோட்டம் குறையாத அளவுக்கு அகலக் கண் உள்ள வலையாக இருக்க வேண்டும்.

விசிறி சுற்றுகிறது என்று சொன்னீர்களே, அதிலும் ஒரு செய்தி இருக்கிறது. விசிறியின் மீது 24 வோல்ட் என்று எழுதியிருந்தால், அதற்கும் ரிலேக்கும் கட்டுப்பாட்டுப் போர்டுக்கும் மின்சாரம் தரும் சிறிய துணைப் பகுதி உயிரோடு இருக்கிறது. பாதிக் கவலை தீர்ந்தது. 220 வோல்ட் விசிறி என்றால் அது நேரே பிளக்கிலிருந்து சுற்றுகிறது. அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை.

பிறகு, பொறி இடைவெளி. உயர்மின்னழுத்தப் போர்டில் எதிரெதிரே நிற்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்க வேண்டும். முனைகள் கருத்தோ, தேய்ந்து விலகியோ இருந்தால் பொறி வராது. நுண்ணிய எமரித் தாளால் தேய்த்து, இடைவெளி அளக்கும் பீலர் கேஜால் சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பொறி வரும்போது வெளியேற்றத்தை மல்டிமீட்டரால் அளக்கப் போகாதீர்கள். மீட்டர் அந்த நொடியே செத்துவிடும். பொறிப் போர்டின் இணைப்பைக் கழற்றிவிட்டே அளக்க வேண்டும்.

இனி மோஸ்ஃபெட்டுகள். மீட்டரை டயோடு நிலையில் வைத்து அளக்கும்போது ஒரு வரிசை முழுவதும் ஷார்ட் காட்டினால் திகைக்க வேண்டாம். அவை இணையாகக் கட்டப்பட்டவை, ஒன்று செத்தால் அத்தனையும் செத்ததாகவே காட்டும். ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் குற்றவாளியைப் பிடிக்க முடியும். பிடித்த பின் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், அந்த வரிசை முழுவதையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த புதியவற்றால் மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் சுமை சமமாகப் பகிராது. ஒவ்வொன்றின் ‘கேட்’ காலுக்கு (அதைத் திறந்து மூடும் கால்) போகும் சிறிய ரெசிஸ்டரையும் ஜீனர் டயோடையும் அளந்தே தீர வேண்டும். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கும் காரணம் உண்டு. நான் முதன்முதலில் இரும்புக் கடையில் வாங்கிய செட்டில் 8 மோஸ்ஃபெட்டுகளை மாற்றி, பெருமையோடு நேரே பிளக்கில் சொருகினேன். சுவிட்சைப் போட்டதும் பட்டாசுக் கட்டு வெடித்தது போல அந்த 8ம் போயின. அரிசி மணி அளவிலான ஒரு ரெசிஸ்டர் அறுந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்தச் செட்டையும் முதல் முறை நேரே மின்சாரத்தில் விடுவதில்லை. 100 வாட் இழை பல்பைத் தொடராக இணைத்து அதன் வழியாகத்தான் விடுவேன். சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர்கள் நிரம்பிவிட்டன, ஷார்ட் இல்லை. மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. நட்டம் எதுவும் இல்லை, அணைத்துவிட்டு மறுபடி தேடலாம். இழை பல்பு இப்போது கிடைப்பது அரிதாகி வருகிறது, எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆகவே கண்ட இடத்தில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின் உயிர் பெற்ற பிறகு அதை மறுபடி கொல்லப்போவது உங்கள் கம்ப்ரசர்தான். நம் ஊர்க் காற்றின் ஈரம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை அழுத்தித் தொட்டியில் அடைக்கும்போது அதிலுள்ள நீர் பிரிந்து நிற்கும். காலையில் தொட்டியின் அடித் திருகைத் திறந்தால் டீத்தண்ணீர் நிறத்தில் துருநீர் கொட்டும். பலர் நீர் பிரிப்பானைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே காற்று சூடாக இருப்பதால் நீர் ஆவியாகவே பிரிப்பானைத் தாண்டிப் போய், குழாயில் குளிர்ந்து, டார்ச்சுக்குள் துளியாக விழும். பத்து மீட்டர் குழாயையாவது நடுவில் விட்டு, காற்று ஆறிய பிறகு, மிஷினுக்கு அருகில் பிரிப்பானை மாட்டுங்கள். செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றித் தண்ணீர் வாளியில் மூழ்கவிட்டு அதன் வழியாகக் காற்றைக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அளவைப் பொறுத்தவரை, இந்த டார்ச்சுக்கு நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் இடைவிடாமல் காற்று வேண்டும். கம்ப்ரசரின் மீது ஒட்டியிருக்கும் எண் பிஸ்டன் இழுக்கும் அளவு. 5 பார் அழுத்தத்தில் உங்கள் கைக்கு வருவது அதைவிட வெகுவாகக் குறைவு.

மின்சாரக் கணக்கும் ஒன்று உண்டு. 50 ஆம்பியரில் வெட்டும்போது தீயின் குறுக்கே ஏறத்தாழ 100 வோல்ட் நிற்கும்; அதாவது வெளியேற்றம் மட்டும் 5 கிலோவாட். உள்ளே இழுப்பது 30 ஆம்பியரைத் தாண்டும். வீட்டுச் சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக் ஏறத்தாழ 3 கிலோவாட்தான் தாங்கும். அதில் மாட்டினால் 20 ஆம்பியருக்கு மேல் திருப்பாதீர்கள். 3, 4 மில்லிமீட்டர் தகட்டுக்கு அது போதும். முழுத் திறனில் ஓட்ட வேண்டுமென்றால் பதிவுபெற்ற வயர்மேனை அழைத்துத் தனி இணைப்பு போட்டுக்கொள்ளுங்கள். பிளக் கருகுவது மிஷினின் குற்றமல்ல.

விலைக்கு வருகிறேன். டார்ச் நல்ல நிலையில் இருந்து, திருகுகள் யாரும் தொடாதவையாக இருந்தால் 150 வெள்ளி வரை கொடுக்கலாம். டிரிகர் கம்பி மட்டும் அறுந்திருப்பது உங்களுக்குத் தெரிந்து, தவுக்கேவுக்குத் தெரியாமல் இருந்தால் அதே 150க்கு மகிழ்ச்சியோடு வாங்குங்கள். கேபிள் உரிந்து, தலை உருகியிருந்தால் 80க்கு மேல் வேண்டாம். புது டார்ச் முழுச் செட்டாக வாங்கும் செலவு மிஷினின் விலையைத் தாண்டிவிடும். மஞ்சள் விளக்கு எரிந்து, யாரோ ஏற்கெனவே திறந்தும் பார்த்திருந்தால், டார்ச்சை மட்டும் தனியாகத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். போகும் முன் உங்கள் மல்டிமீட்டருக்குப் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இறங்கிய மீட்டரை நம்பி நல்ல டார்ச் ஒன்றை நான் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.